பண்டிதரை ஓடவைத்த பாடம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், நெடுவேள் என்றொரு ராஜா இருந்தான். ஏரிகளைக் காக்கும் அதிகாரிகள் இருபது பேருக்குப் பாடம் சொல்லும் வேலையை அரண்மனை விகடன் சாத்தப்பனிடம் கொடுத்திருந்தான். சாத்தப்பன் ஒரு நாழிகை பேசுவான். பிறகு, "எழுந்து காலை நீட்டுங்கள், கேட்டதைப் பேசிக்கொள்ளுங்கள்" என்று வெளியே அனுப்புவான்.

இது தலைமைப் பண்டிதர் ஞானமூர்த்திக்குப் பொறுக்குமா? "பாதி நேரம் வெளியேதான் திரிகிறார்கள்" என்று நேரே ராஜாவிடம் போய் வத்தி வைத்துவிட்டார்.

ராஜா கொதித்தான். "சாத்தப்பா! நாளை முதல் விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை இடைவேளையே கூடாது. பாடசாலையில் உட்கார்ந்தவர் யாராயினும் பாதியில் எழுந்தால் நாடு கடத்துவேன்!"

சாத்தப்பன் யோசித்தான். மாணவர்களில் ஒருவன் எழுந்தாலும் அவன் குடும்பம் நடுத்தெருவில் நிற்குமே!

"உத்தரவு அரசே. முதல் நாள் பண்டிதரே நடத்திக் காட்டட்டும். தாங்களும் வந்து அமர்ந்தருள வேண்டும்."

பண்டிதருக்கு உச்சி குளிர்ந்தது.

மறுநாள் பாடசாலை வாசலிலேயே ராஜாவுக்கும் பண்டிதருக்கும் ஆளுக்கு மூன்று செம்பு இளநீர் நீட்டினான் சாத்தப்பன். வெயில் காலம் பாருங்கள், இருவரும் மடமடவென்று குடித்தார்கள். பண்டிதர் தொடங்கினார். மதகு, மடை, கரை உடைந்து பெருகும் வெள்ளம் என்று ஒரே தண்ணீர்ப் பேச்சு! நான்காம் நாழிகையில் ராஜா நெளிந்தான். ஆறாம் நாழிகையில் பண்டிதரின் குரல் நடுங்கியது.

"ஆகவே மதகைத் திறக்கும் முன்..." என்றவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடினார். அடுத்த நொடி கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு ராஜாவும் ஓடினான். அட, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இருவரும் திரும்பி வந்ததும் சாத்தப்பன் பணிவாகக் கேட்டான்: "அரசே, பாடத்தில் எது நினைவிருக்கிறது?"

"நான்காம் நாழிகைக்கு மேல் ஒரு சொல்லும் ஏறவில்லையப்பா."

"பண்டிதரே, தாங்கள் கடைசியாக என்ன சொன்னீர்கள்?"

பண்டிதர் விழித்தார். "எனக்கே நினைவில்லை."

ராஜாவின் கோபம் அவர் பக்கம் திரும்பியது. "முதலில் எழுந்தவர் இவர்தான்! இவரை நாடு கடத்துங்கள்!"

"ஆகட்டும் அரசே," என்றான் சாத்தப்பன். "அவர் தனியாகப் போக வேண்டியதில்லை. இரண்டாவதாக எழுந்தவரும் கூடவே புறப்பட வேண்டுமே. பல்லக்கு எடுத்துவரச் சொல்லட்டுமா?"

ராஜா ஒரு கணம் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டான். அன்றே புது ஆணை பிறந்தது: நாழிகைக்கொரு இடைவேளை, முதலில் எழும் உரிமை ராஜாவுக்கு.