ஊருக்கு ஊர் ஆரவாரம் மாறிய கதை

பறவைக்கும் தவளைக்கும் வாயில் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், உலகத்தின் எந்த மூலையில் விளையாட்டு நடந்தாலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போட்ட சத்தம் ஒன்றே ஒன்றுதான். "ஓ!" அவ்வளவுதான். ஜெயித்தாலும் "ஓ!", தோற்றாலும் "ஓ!", மழை வந்து ஆட்டம் நின்றுபோனாலும் அதே "ஓ!". பனிமலைக்கு அந்தப் பக்கத்து வாத்தும் அப்படித்தான் கத்தும், நம் ஊர்த் தவளையும் அப்படித்தான் கத்தும். இன்றைக்கு அப்படியா இருக்கிறது? டிவியை ஓடவிட்டு அடுப்படியில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாலே போதும், மேட்ச் எந்த நாட்டில் நடக்கிறது என்று காதே சொல்லிவிடுகிறது.

இந்த மாற்றத்துக்கு யார் காரணம் தெரியுமா? சிங்கமும் இல்லை, யானையும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு முக்குளிப்பான்!

முக்குளிப்பானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குளத்தில் குட்டி வாத்து மாதிரி மிதக்கும். அட, என்ன அழகு என்று கிட்டே போவதற்குள் முங்கிவிடும். பிறகு எங்கேயோ தள்ளிப்போய் எழும்பும். ஆவாரங்குளத்தில் இருந்த முக்குளிப்பானுக்கு மூச்சுப் பிடிப்பதில் ஏகப்பட்ட பேர். அவன் தண்ணீருக்குள் போனால் தவளைகள் பாதிக் கச்சேரியை முடித்துவிடும், அப்புறம்தான் தலை தெரியும். அந்தப் பேரில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அதனால் சடுகுடு என்று வந்துவிட்டால் உள்ளூர் அணியில் முதல் ஆள் அவன்தான். நடுக்கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் போகிறவன் மூச்சு விடாமல் "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? பாட்டு நிற்காமல் யாரையாவது தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால், தொடப்பட்டவன் அவுட். பிடிபட்டு, பாட்டு நின்றுவிட்டால், பாடிப் போனவனே அவுட். மூச்சுதான் அதில் எல்லாம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் முக்கால்வாசி காய்ந்து, மடைப் பக்கம் மட்டும்தான் ஆழமாகத் தண்ணீர் நின்றது. அந்த நேரம் பார்த்து, வழக்கம்போல் குளிருக்குப் பயந்து பனிமலையைத் தாண்டி வந்து இறங்கின வரித்தலை வாத்துகள். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துகள், மொத்தம் நாற்பது. உள்ளூர்ப் பறவைகளும் இருந்து, விருந்தாளிகளும் இருக்க அந்தத் தண்ணீர் காணாது.

இப்படி ஒரு சிக்கல் வந்தால் ஆவாரங்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. அலகாலும் நகத்தாலும் அடித்துக்கொண்டு ரத்தம் சிந்தக் கூடாது. காய்ந்த தரையில் கோடு கிழித்துச் சடுகுடு ஆட வேண்டும். ஜெயித்தவர்களுக்கு மடைப் பக்கம். தோற்றவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும்.

முக்குளிப்பானுக்கு இது வெறும் ஆட்டமாக இல்லை. மடைப் பக்கத்தில்தான் அவனுடைய வீடு, பாசியும் கோரையும் சேர்த்துக் கட்டிய மிதக்கும் கூடு. அதில் அவன் பெண்டாட்டி நாலு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். மடையை விட்டுப் போ என்றால் கூட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? வற்றிய பக்கத்தில் வைத்தால் நரி நடந்தே வந்து தின்றுவிடும்.

"ஏங்க, இன்னிக்கு மட்டும் மூச்சை விட்டுடாதீங்க" என்றாள் அவள், அவன் கிளம்பும்போது.

"என் மூச்சைப் பத்தி நீ கவலைப்படுறியா? நல்லா இருக்கே!" என்று சிலிர்த்துக்கொண்டு போனான்.

நடுவர் ஆள்காட்டிக் குருவி. எங்கே யார் தப்புச் செய்தாலும் கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறவர், அவரைவிட்டால் நடுவருக்கு வேறு யார்? வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைச் சொல்லி முடியாது. மேற்கிலிருந்து பூநாரைகள், கிழக்குத் தீவுகளிலிருந்து கொக்குகள், பெயர் தெரியாத கடற்கரைகளிலிருந்து உள்ளான் குருவிகள், கரை முழுக்க நம் தவளைகள். யார் யாரைத் தொட்டாலும் எல்லாருக்கும் ஒரே "ஓ!".

ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தன் என்று நின்றது. அந்தப் பக்கம் வாத்துகளின் தலைவர், பெரிய வரித்தலை வாத்து. இந்தப் பக்கம் நம் முக்குளிப்பான். பாடிப் போகிற முறை இவனுக்கு.

போனான். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." குனிந்தான், நெளிந்தான், வாத்தின் காலைத் தொட்டும்விட்டான். திரும்பிப் பாய்வதற்குள் வாத்து இரண்டு சிறகையும் விரித்து அவனை அப்படியே அமுக்கிவிட்டது. பனிமலையைத் தாண்டி வந்த சிறகு, லேசா? முக்குளிப்பான் திமிறினான். கோடு ஒரு சாண் தூரத்தில் தெரிந்தது. பாட்டு மெலிந்தது. தவளைகளுக்குப் பொறுக்கவில்லை, தங்கள் பையன் அல்லவா! "ஓ!" என்று எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததும் பூநாரை எழுந்தது, கொக்கு எழுந்தது, வாத்துக் கூட்டமும் தன் தலைவருக்காக எழுந்தது. "ஓ!" என்ற ஒரே சத்தம் வானத்துக்கும் தரைக்கும் நின்றது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் முக்குளிப்பானின் மூச்சு நின்றுபோனது. ஆமாம், நின்றுபோனது! ஒரு வாய்க் காற்றை இழுத்துக்கொண்டு மறுபடியும் "சடுகுடு" என்றான். காலை நீட்டினான். கட்டை விரல் கோட்டைத் தொட்டது.

"உள்ளூர் ஜெயிச்சாச்சு!" என்றார் ஆள்காட்டி.

"நடுவரே, பாட்டு நடுவுல நின்ன மாதிரி இருந்துச்சு" என்றது பெரிய வாத்து, சண்டைக்கு நிற்காமல்.

ஆள்காட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் காதில் விழுந்தது "ஓ" மட்டும்தான். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "யாருக்காவது கேட்டுச்சா?" யாருக்கும் கேட்கவில்லை. "அவ்வளவு பெரிய சத்தத்தை யாரு ஆரம்பிச்சீங்க?" அதற்கும் பதில் இல்லை. எல்லாரும் போட்டது ஒரே சத்தம், இதில் யாரைப் பிடிப்பது?

"சொன்னது சொன்னதுதான்" என்று முடித்துவிட்டார்.

தவளைகள் முக்குளிப்பானைத் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறை. அவன் யாருக்கும் முகம் கொடுக்காமல் கூட்டுக்குப் போனான்.

"ஜெயிச்சவன் மூஞ்சியா இது?" என்றாள் பெண்டாட்டி. அவன் நடந்ததைச் சொன்னான். அவள் முட்டைகளை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டாள். "சொல்லாதீங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம். நாலு உசிருங்க."

அவனுக்கும் சொல்ல ஆசையா என்ன? சொன்னால் முட்டை போகும். அதோடு போகுமா, மூச்சுக்காரன் என்ற பேரும் போகும். ஊரே சிரிக்கும். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தான்.

வெயில் தாழ்ந்தது. வாத்துகள் கிளம்புவதற்கு வரிசை கட்டின. அடுத்த குளம் எங்கே, அதில் தண்ணீர் இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. போகிற வழியில் பெரிய வாத்து கூட்டுப் பக்கமாக நீந்தி வந்தது. நியாயம் கேட்கத்தான் வருகிறது என்று முங்கப் பார்த்தான் முக்குளிப்பான்.

"நல்லா ஆடினே தம்பி" என்றது வாத்து. "எங்க நாட்டுல உன்னை மாதிரி ஒருத்தன் கிடையாது. உன் முட்டையைப் பத்தி இப்பத்தான் கேள்விப்பட்டேன். இந்தக் கோரைப் பக்கம் ஒரு நரியோட கால்தடம் இருக்கு, பார்த்து இருங்க. நாங்க வர்றோம்."

அவ்வளவுதான் சொன்னது. திட்டியிருந்தால்கூட முக்குளிப்பான் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. "வர்றோம்" என்று சொல்லிவிட்டுத்தானே போகிறார்கள், "போறோம்" என்றுகூடச் சொல்லவில்லையே! தண்ணீரை அடித்துக்கொண்டு நடுக்குளத்துக்குப் போனான்.

"அண்ணே, போகாதீங்க!" என்று கத்தினான். "நடுவர் ஐயா, தவளைங்களே, எல்லாரும் கேளுங்க. என் மூச்சு நின்னுச்சு. நீங்க கத்தினதுல யாருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் அவுட்டு. அண்ணன்தான் ஜெயிச்சாரு."

"டேய், உனக்குப் புத்தி பேதலிச்சிருச்சா!" என்றது ஒரு தவளை. "வாயை மூடுடா!" என்றது இன்னொன்று. அப்புறம் அவையும் அடங்கிவிட்டன. ஆள்காட்டி தலையைக் குனிந்துகொண்டு, "அப்படின்னா மடைப் பக்கம் விருந்தாளிங்களுக்கு" என்று மெதுவாகச் சொன்னார். தோற்றதற்கு "ஓ" போடக்கூட யாருக்கும் வாய் வரவில்லை. ஆவாரங்குளம் அப்படி ஓர் அமைதியை அதுவரை பார்த்ததில்லை.

அந்த அமைதியில் கோரைக்குள் சலசலப்புக் கேட்டது. முக்குளிப்பானின் பெண்டாட்டி முட்டைகளின் மேல் ஈரப்பாசியை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள். புருஷனைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பெரிய வாத்தின் முன்னால் போய் நின்றாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குட்டிச் சிறகு இரண்டையும் தூக்கி, பட் பட் பட் என்று தட்டினாள்.

தன் வீட்டைப் பறித்துக்கொண்டவர்களுக்குக் கைதட்டுகிற ஒருத்தியைக் கரையில் இருந்தவர்கள் பார்த்ததே இல்லை. முதலில் ஒரு கிழட்டுத் தவளை எழுந்து கையைத் தட்டியது. பிறகு நீர்க்கோழிகள். பிறகு கரை முழுக்க எழுந்து நின்று தட்டியது. "ஓ" என்று ஒருத்தரும் கத்தவில்லை.

பெரிய வாத்து அவள் பக்கம் குனிந்தது. "தங்கச்சி, ஒரு கூடு மிதக்க எவ்வளவு தண்ணி வேணும்? நீங்க இங்கேயே இருங்க. நரி வந்தா நாங்க நாற்பது பேர் இருக்கோம்" என்றது.

இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம். அதற்கு முன்னால் யாருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான். மற்ற உள்ளூர்ப் பறவைகள் சேற்றுப் பக்கம் போய், அந்தப் பருவம் முழுக்க முக்குளிப்பானைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டின. அதையும் மறைக்காமல் சொல்லத்தானே வேண்டும்.

ஆள்காட்டிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எல்லாரையும் உட்காரவைத்தார். "ஒரே சத்தமா இருந்ததாலதான் இவ்வளவு வினையும். இனிமே நாட்டுக்கு ஒரு ஆரவாரம் வச்சுக்குங்க. கண்ணை மூடிக்கிட்டாலும் இது யாரு சத்தம்னு எனக்குத் தெரியணும்."

"நாங்க ஆட்டம் தொடங்கி முடியிறவரைக்கும் சேர்ந்து பாடுவோம். தோத்தாலும் பாட்டை நிறுத்தமாட்டோம்" என்றன வாத்துகள். வரிசை கட்டிப் பறந்து பழகியவர்கள், அவர்களுக்கு அது சுலபம். பூநாரைகள் காலால் தரையை உதைத்து முரசு மாதிரி அடித்துக் காட்டி, ஆடவும் செய்தன. உள்ளான்கள் ஊதுகுழல் போல ஒரே சுருதியில் ஊதின. கிழக்குத் தீவுக் கொக்குகள், "நாங்க பந்தயம் நடக்கிறப்ப சத்தமே போடமாட்டோம். நல்ல ஆட்டம் ஆடினா அளவாத் தட்டுவோம். போறப்ப உட்கார்ந்த இடத்தைச் சுத்தம் பண்ணிட்டுப் போவோம்" என்றன. அந்தந்தப் பறவை அதனதன் நாட்டுக்குத் திரும்பிப் போயிற்று. அங்கே மைதானம் கட்டிய மனுஷர்கள் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள்.

"நீங்க?" என்று தவளைகளைக் கேட்டார் ஆள்காட்டி.

"எங்களுக்கு விசிலும் வேணும், மேளமும் வேணும், கூச்சலும் வேணும். ஒண்ணைக் குறைச்சாலும் ஒத்துக்கமாட்டோம்" என்றன தவளைகள். சரி, இவர்கள் திருந்தமாட்டார்கள் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது அந்தக் கிழட்டுத் தவளை, "அப்புறம், அந்தப் பொண்ணு தட்டுச்சே, அதையும் எங்க கணக்குல சேர்த்துக்குங்க" என்றது.

அன்று முதல்தான் ஒவ்வொரு நாட்டு மைதானத்துக்கும் ஒரு குரல் வந்தது. அன்று முதல்தான் நம் ஊர் மைதானத்தில், காது கிழியக் கத்திய கூட்டம் தோற்றுப்போய் வாயடைத்து உட்கார்ந்திருக்கும்போது, நம்மை ஜெயித்தவன் வெளியே நடந்து போகையில், கண்ணைத் துடைத்துக்கொண்டாவது யாரோ ஒருத்தர் முதலில் எழுந்து கைதட்டுகிறார்.