பிடியரிசிப் பானையில் ஓர் ஈரப்பிடி

முன்னொரு காலத்தில் நீலவரை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம் அவனுக்கு. அப்பேர்ப்பட்டவன் முன்னால் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டிய விதி ஆற்றங்கரை ஊர்க்காரி ஒச்சாயியின் தலையில் விழுந்தது. முன்னதைப் பின்னதாகச் சொல்லித் தொலைப்போமோ, ஒரு சொல் தப்பினால் காடும் போய்க் கழுத்தும் போய்விடுமோ என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடியே பானையைச் சுமந்து வந்தாள்.

நடந்தது இதுதான். ஆறு பிறக்கும் ஊற்றுக்காட்டை அழித்து, அங்கே கோடை மாளிகை கட்டச் சொன்னான் ராஜா. முதல் மரம் விழுந்ததுமே கரையோர ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகப் போய் மரத்தடிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். வேலையை விட்டு உட்கார்ந்தவர்களுக்குச் சோறு வேண்டாமா? ஆற்றுத் தண்ணீரில் உலை வைக்கிற வீடெல்லாம், அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்து வைத்தது. அந்தப் பிடியரிசி ஒச்சாயியின் பானைக்கு வரும். அவள் பொங்கிப் போடுவாள். கோடரிக்காரர்கள் வந்து வந்து திரும்பினார்கள்.

மாளிகை கட்டும் பொறுப்பு தண்டநாயகர் சூலபாணியுடையது. அவருக்கு வயிறு எரிந்தது. "பட்டினி கிடந்தால் இந்நேரம் ஓடியிருப்பார்கள், பிரபு! எவனோ எதிரி ராஜா மூட்டை மூட்டையாக அனுப்புகிறான்" என்று ராஜாவின் காதில் ஓதிவிட்டார். பானையோடு ஒச்சாயியைச் சபைக்கு வரச் சொல்லி ஆள் போனது.

உச்சிவேளை. சபையில் ஒரு திரைச்சீலைகூட அசையவில்லை.

"யார் கொடுத்த அரிசி இது? பெயரைச் சொல்!" என்றான் ராஜா.

"சொன்னா அவுங்களை என்ன செய்வீங்க, சாமி?"

"தலை உருளும்."

"யாரா இருந்தாலுமா?"

"ராஜவாக்கடி இது! யாராக இருந்தாலும்தான்" என்று முந்திக்கொண்டார் சூலபாணி. ராஜாவும் தலையாட்டினான்.

ஒச்சாயி கும்பிட்டாள். "நான் எழுத்தறியாதவ, சாமி. தப்பாச் சொல்லிருவேன். தண்டநாயகர் மோந்து பார்த்தே எந்த ஊரு அரிசின்னு சொல்லிருவாராமே? அவர் வாயாலயே வரட்டும்."

சூலபாணிக்கு மீசை துடித்தது. பானையைச் சபை நடுவில் கவிழ்க்கச் சொல்லி, அள்ளி அள்ளி முகர்ந்தார்.

"இது மலைச்சரிவுச் சிவப்பு. இது செம்படவர் வீட்டுக் குறுணை, மீன் வாடை வீசுகிறது. இந்த வெள்ளை அரிசி..."

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அதை மெல்லக் குவியலிலேயே போட்டுவிட்டார்.

"என்ன தண்டநாயகரே, மூக்கடைப்பா?" என்று ராஜா தானே இறங்கி வந்து எடுத்துப் பார்த்தான். பச்சைக் கற்பூரம் போட்டு வைத்த பழஞ்சம்பா. அரண்மனையிலும், ராஜா தயவில் தண்டநாயகர் வீட்டிலும் தவிர வேறெங்கும் இல்லாத அரிசி.

"இது என் அரிசியல்லவா!"

"ஆமா சாமி. உங்க மடைப்பள்ளி உலையில கொதிக்கிறதும் அந்த ஆத்துத் தண்ணிதானே? தண்டநாயகர் வீட்லயும் அதேதான். எடுத்து வச்சது அடுப்படியில உலை வைக்கிறவங்க கை. குடுத்தது உங்க பங்கு. இப்ப யார் தலையை முதல்ல உருட்டுறது?"

சூலபாணியின் கை தானாகவே தன் கழுத்தைத் தடவியது. சிரிப்பதா சீறுவதா என்று தெரியாமல் அரியணைக்குத் திரும்பிய ராஜாவின் கண் அரிசிக் குவியலில் நிலைத்தது. ஒரு பிடி மட்டும் உதிராமல், கறுத்து, ஈரமாக இருந்தது. அதை இறுக்கிய விரல்களின் தடம் தெரிந்தது. மனித விரலைவிட நீளம்.

"இது எந்த ஊர்?"

சூலபாணி குனிந்து முகர்ந்தார். ஓரடி பின்வாங்கினார். "இது வயலில் விளைந்ததில்லை, பிரபு. ஆழத்துச் சேற்று வாசனை."

ஒச்சாயி வெறும் பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இதைச் சொல்லத்தான் இத்தனை பயமும். "முதல் மரம் விழுந்த அன்னையிலிருந்து வருது, சாமி. பானை வாயைத் துணியால இறுக்கிக் கட்டித்தான் வைப்பேன். முடிச்சு அவுறாது. விடிஞ்சு பார்த்தா உள்ள ஒரு ஈரப்பிடி கிடக்கும். எந்த வீடுன்னு எனக்குத் தெரியலை."

அந்தப் பிடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. மழையே இல்லாத வருஷம் அது. கசிந்த நீர் பள்ளம் பார்த்து ஓடவில்லை. நேராக வந்து அரியணைப் படிகளில் மேல்நோக்கி ஏறியது. வெளியே அரண்மனைக் கிணறு யாரோ பெருமூச்சு விடுவதுபோல் ஓசையிட்டது.

ராஜா கால்களைத் தூக்கி அரியணைமேல் வைத்துக்கொண்டான். "ஊற்றுக்காட்டில் ஒரு சுள்ளிகூட ஒடியக் கூடாது! மாளிகை வேண்டாம்!"

தண்ணீர் கடைசிப் படியில் நின்றது.

ராஜா ஒரு காலை மட்டும் மெல்லக் கீழே வைத்தான். "சூலபாணி, விழுந்த மரத்தடியில் கன்று நட்டு, அது நிழல் தரும்வரை காவல் இரும். உமக்கும் இந்தப் பானைச் சோறுதான். ஒச்சாயி, என் தலையை எனக்கே திருப்பிக் கொடுத்தவள் நீ. உனக்கு என் களஞ்சியத்தையே திறந்துவிடுகிறேன்."

"வேணாம் சாமி. மூட்டையாக் குடுத்தா காடு குடுத்தவருக்குச் சொந்தமாயிரும். எல்லா வீட்டையும் போல ஒரு பிடி குடுங்க. உங்க கையால குடுங்க."

ராஜா இறங்கி வந்து, ஈரத்தை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, தன் சம்பாவில் ஒரு பிடி அள்ளிப் பானையில் போட்டான்.

வீடு வந்த ஒச்சாயி பானை வாயைக் கட்டத் துணியை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். துணியை மடித்து வைத்துவிட்டு, கதவையும் ஒருக்களித்து விட்டு, வருகிற கையைப் பார்த்துவிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.