‘சரி, அடுத்து’

இந்தக் கதையில் தலை நரைத்திருந்தது சீடருக்குத்தான். அவர் பேராசிரியர் தணிகாசலம், புள்ளியியல் துறை. குரு நஸீமாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பேராசிரியர்கள் ஆன்லைனில் பாடம் நடத்த உதவுவதற்கென்று பல்கலைக்கழகம் ஒரு மையத்தைத் திறந்து, அவளை அங்கே உட்கார வைத்திருந்தது.

"ஏம்மா, போன செமஸ்டர்ல பாதிப் பிள்ளைங்க நடுவுலயே நின்னுட்டாங்க. இந்தத் தடவையும் அப்படி ஆனா பாடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு துறைத்தலைவர் சொல்லிட்டார்," என்றார் தணிகாசலம். அந்தப் பாடம்தான் அவருக்கு உயிர்.

"நேர்ல நடத்துறப்போ 'புரியல'ன்னு யாராவது சொல்வாங்களா சார்?"

"ஒருத்தர்கூட சொன்னதில்ல. அவ்வளவு தெளிவா நடத்துவேன். ஆனா முகமே தெரியாத பிள்ளைங்களுக்கு எப்படிம்மா நடத்துறது? அதை மட்டும் சொல்லுங்க."

நஸீமா அவருடைய போன செமஸ்டர் வீடியோவை ஓடவிட்டு, பக்கத்து நாற்காலியில் மாணவி மாதிரிக் கைகட்டி உட்கார்ந்தாள்.

திரையில் தணிகாசலம் ‘ஸ்டாண்டர்ட் டீவியேஷன்’ எனப்படும் திட்ட விலக்கத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு எண்ணும் சராசரியிலேருந்து எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு பார்க்கிறோம். அதை ஸ்கொயர் பண்றோம். புரியுதா?"

"புரியல சார்," என்றாள் நஸீமா.

"ம்ம், சரி, அடுத்து..." என்றார் திரையில் இருந்தவர்.

நாற்காலியில் இருந்தவர் நெளிந்தார். வகுப்பறையில் அவர் 'புரியுதா' என்றால் மொத்த வகுப்பும் 'புரியுது சார்' என்று கோரஸ் பாடும். கேமராவுக்கு முன்னால் ஈ காக்கா இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், யாரோ பாடிவிட்டதாக நினைத்துத் தானே தலையாட்டிக்கொண்டு அடுத்ததுக்குப் போயிருந்தார்.

"புரியுதா?" மறுபடியும் திரை கேட்டது.

இந்த முறை நஸீமா திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அந்த ஸ்கொயர் பண்ற இடம் புரியல சார்."

தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா நடிக்கிறீங்கம்மா! சரி, அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க. இந்த 'புரியுதா'வை எல்லாம் வெட்டிடலாமா? மானம் போகுது."

"வெட்ட வேண்டாம் சார். கேளுங்க. கேட்டுட்டு நில்லுங்க."

புதிதாகப் படம் பிடித்தபோது நின்றார். 'புரியுதா' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். முள்மேல் நிற்பது போல இருந்தது. மூக்கைச் சொறிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நஸீமா எதையும் வெட்டவில்லை. அந்த இடத்தில் வீடியோ நின்று, பதில் எழுத ஒரு கட்டம் திறக்கும்படி செய்து வைத்தாள்.

முதல் பதில் சிவசெல்வியிடமிருந்து வந்தது. ஈரோட்டில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பெண். 'ஏன் ஸ்கொயர் பண்றோம் சார்? போன தடவை இங்கதான் விட்டுட்டுப் போனேன்.' அதற்குக் கீழே ஒருவர் பின் ஒருவராக, 'எனக்கும் சார்', 'எனக்கும் சார்'.

அன்றே அவர்களை நேரலையில் கூப்பிட்டு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் தணிகாசலம் பதில் சொன்னார். அவர்கள் 'ஓ...' என்று இழுத்த சத்தத்தைக் கேட்டு அவருக்கு வேலையில் சேர்ந்த புதிதில் இருந்த சந்தோஷம் திரும்பி வந்தது.

செமஸ்டர் முடிந்தது. சிவசெல்வி கடைசிவரை இருந்தாள். அநேகமாக எல்லோரும் இருந்தார்கள். பாடம் அவரிடமே தங்கியது.

அல்வா டப்பாவுடன் மையத்துக்கு வந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளை என்கிட்ட 'புரியல'ன்னு சொன்னதில்லன்னு பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேம்மா. நான் சொல்ல விட்டதில்லன்னு இப்பத்தான் தெரியுது. நீங்க நல்லா இருக்கணும்." கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை.

நஸீமா எழுந்து நின்று டப்பாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"ரொம்பச் சந்தோஷம் சார். அந்த ஸ்கொயரை எனக்கும் ஒரு தடவை சொல்லித் தர்றீங்களா?"

"உங்களுக்கும் புரியலையா? முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னேனே சார். 'சரி, அடுத்து'ன்னு போயிட்டீங்க."