க்விராவின் நெஞ்சில் கட்டிய துணி

அந்தக் காலத்தில் மீனும் பேசும், மரமும் பேசும். அதோடு விட்டதா? வாயிலிருந்து இறங்கிய சொற்களுக்கும் கை கால் முளைத்து, சேர வேண்டிய காதுக்குத் தாமே நடந்து போகும்.

மலாவி ஏரிக்கரையில், சிச்செவா பேசுகிற ஊர்களில், செயலைச் சொல்லும் சொற்கள் எல்லாம் ஓட்டக்காரர்கள். அதிலும் க்விரா இருக்கிறானே, அவர்கள் மொழியில் ‘பிடி’ என்ற சொல்லே அவன்தான், கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை சேர்ந்துவிடுவான். பெயர்ச்சொற்களோ ஆடி அசைந்து பின்னால் வரும். அவை வந்து சேர்ந்த பிறகுதான் யாரைப் பிடிப்பது, எதைப் பிடிப்பது என்று தெரியும். யாருக்கும் அவசரமில்லாத காலம், காத்திருந்தார்கள்.

ஒரு நாள் நண்பகலில் ஸியோனே என்பவள் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் தியாமிகே சிறு ஓடம் ஒன்றில் ஏறி விளையாடினாள். கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துகொண்டது. ஸியோனே திரும்பிப் பார்த்தால், ஐயோ, ஓடம் எங்கோ போய்விட்டது! நீர்யானைகள் கூட்டமாகக் கிடக்கும் துறையை நோக்கி அது மிதந்தது. 

ஏரியில் அவள் கணவன் லிம்பானியும் கூட்டாளிகளும் ஓடத்துக்கு முதுகைக் காட்டியபடி வலை வீசிக்கொண்டிருந்தார்கள். “பிடியுங்கள், குழந்தையை!” என்று ஸியோனே அலறினாள். க்விரா பறந்து போய்ச் சேர்ந்தான். குழந்தை என்ற பெயரோ அலையில் சறுக்கி விழுந்து தத்தளித்தது.

“எதையப்பா பிடிக்க?” என்றான் லிம்பானி.

“எனக்கென்ன தெரியும்? பெயர் பின்னால் வருகிறது.”

“மீன் கூட்டத்தைப் பார்த்திருப்பாள். இறுக்குங்கடா வலையை!”

க்விரா வந்த வேகத்தில் கரைக்குத் திரும்பினான். ஸியோனே அவன் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“கையை வீசிக்கொண்டு போய்விட்டு வந்தாயா, பாவி? பெயரையும் தூக்கிக்கொண்டு போயேன்!”

“கனம் தாயே. அதைச் சுமந்தால் என்னால் ஓட முடியாது.”

மகளை முதுகில் கட்டிச் சுமக்கும் துணி அவள் தோளில் வெறுமனே கிடந்தது. அதன் ஓரத்தைச் சர்ரென்று கிழித்து, க்விராவின் நெஞ்சோடு முடிச்சுப் போட்டாள்.

“முழுப் பெயரும் வேண்டாம். இந்தத் துண்டுக்கு ‘மு’ என்று பெயர். ஆள் என்று அவர்களுக்கு விளங்கிவிடும். ஓடு!”

“முக்விரேனி!”, அதாவது ‘ஆளைப் பிடியுங்கள்’ என்று கத்திக்கொண்டே ஓடினான் க்விரா.

அவன் நெஞ்சில் கிடந்த துண்டைப் பார்த்ததும் லிம்பானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “மீன் இல்லையடா, ஆள்! ஆளைப் பிடிக்கச் சொல்கிறாள்!” சுற்றுமுற்றும் பார்த்தான். ஓடம் தெரிந்தது. வலையை அறுத்து விட்டுவிட்டுத் துடுப்புப் போட்டார்கள். நீர்யானை வாயைப் பிளந்த நேரத்தில் தியாமிகே அப்பன் கைக்கு வந்துவிட்டாள். கரையில் நின்ற ஸியோனே சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

இதைக் கேள்விப்பட்ட மற்றப் பெயர்கள் சும்மா இருக்குமா? மீன்கள், மரங்கள், கற்கள் என்று ஒவ்வொரு குலமும் தன் துணியில் ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு வந்து, “எங்களுடையதையும் கட்டிக்கொள்ளப்பா” என்று வரிசையில் நின்றது.

அன்று முதல்தான் சிச்செவாவிலும் அதன் உறவு மொழிகள் பலவற்றிலும், வினைச்சொல் தனக்கு வேண்டியவரின் சிறு துண்டைத் தன்னோடு கட்டிக்கொண்டு கிளம்புகிறது. பெயர் முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும், வழியிலேயே தொலைந்து போனாலும், காப்பாற்ற வேண்டியது யாரை என்று கேட்டவருக்குத் தெரிந்துவிடுகிறது.