பலகையை விட்ட மரங்கொத்தி

ஓடைக்கரை வாகை மரத்தில் கொண்டையன் என்ற மரங்கொத்தி குடியிருந்தான். கூடவே மனைவி வடிவும், இறகு முளைக்காத குஞ்சுகளும்.

கொண்டையனுக்குத் தொழில், ஆட்டப்பலகை செய்வது. மரத்தில் பலகை பெயர்த்து, அதில் அலகால் குழி கொத்துவான். குழிகளில் குன்றிமணி வைத்து ஆடப் புதுப்புது ஆட்டங்களையும் அவனே யோசிப்பான். பலகை வாங்குகிறவர்கள் பதிலுக்குப் புழுவும் எறும்புமுட்டையும் தருவார்கள்.

அவன் ஆட்டங்கள் இருக்கின்றனவே, அப்பப்பா! ‘நரி துரத்தி’ ஆட உட்கார்ந்தால் குரங்குகூடச் சேட்டையை மறந்துவிடும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம். கொண்டையன் குழிகளை வட்ட வரிசையாகத்தான் கொத்துவான். தன் ஆட்டத்தை வேறு பலகையில் யாரும் ஆடிவிடக் கூடாதாம். அப்படி ஒரு சாமர்த்தியம்!

அந்த வருஷம் மூக்காண்டி என்ற பெருச்சாளியும் பலகைத் தொழிலில் இறங்கினான். கரகரவென்று பல்லால் கடித்துக் குடைந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு குவியல் போட்டுவிடுவான். நேர்வரிசையாகக் குழி, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் குணம். கேட்கவா வேண்டும்? காட்டில் பொந்துக்குப் பொந்து அவன் பலகைதான். கொண்டையன் வாசலில் ஈ, காக்கை இல்லை.

மழைக்காலம் வேறு நெருங்கியது. இரை சேர்த்தபாடில்லை. பலகையை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் யோசியுங்கள் என்று வடிவு சொல்லிப் பார்த்தாள். மூக்காண்டி பலகையிலேயே எல்லாரும் ஆடட்டும், ஆட்டம் கற்றுக்கொள்கிறவர்கள் இரை தரட்டும் என்றாள்.

கொண்டையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அவன் பலகையில என் ஆட்டமா? அப்புறம் என்னை எவன் மதிப்பான்? கொத்தாதவன் மரங்கொத்தியா?”

வீம்பு யாரை விட்டது? ஒரே ஒரு பெரிய பலகை செய்து மூக்காண்டியை மண்ணைக் கவ்வ வைக்கிறேன் என்று கிளம்பினான். நல்ல மரம் தேடி அலையப் பொறுமையில்லை. குடியிருந்த வாகையிலேயே, பொந்துக்குக் கீழே, வைரம் பாய்ந்த இடமாகப் பார்த்துக் கொத்தினான். அந்தப் பலகை விற்கவில்லை. அதைவிடப் பெரிதாக இன்னொன்று பெயர்த்தான். அதையும் சீந்துவாரில்லை. மரத்தில் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் காற்றடித்தது. மரம் கிறீச்சென்று முனகியது. குஞ்சுகள் பயந்து கத்தின. கொண்டையன் பள்ளத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். மரத்தின் சத்தம் மரங்கொத்திக்குத் தெரியாதா? இன்னும் ஒரு பலகை பெயர்த்தால் மரம் சாய்ந்துவிடும்.

“பிள்ளைங்க தூங்குற மரத்தையே கொத்தித் தீர்க்கப் பார்த்தேனே, வடிவு!” என்று அழுதுவிட்டான்.

வடிவு ஏசவில்லை. “மரம் இன்னும் நிக்குதுல்ல? அது போதும். போய் மூக்காண்டியைப் பாருங்க” என்றாள்.

போகிற வழியெல்லாம் கொண்டையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூக்காண்டி என்னென்ன நக்கல் பேசுவானோ! வளையை எட்டிப் பார்த்தால், குவிந்து கிடந்த பலகைகளுக்கு நடுவே மூக்காண்டி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். கொண்டையன் வாயைத் திறக்குமுன் அவனே முந்திக்கொண்டான்.

“அண்ணே, உங்களைத் தேடி வரணும்னுதான் இருந்தேன். பலகை எல்லார்கிட்டயும் இருக்கு, அதுல ஆடத்தான் ஒண்ணுமில்லை. முயல் என் பலகையில கிழங்கு காயப்போடுது. உங்க ஆட்டம் ஒண்ணைக் கொடுங்களேன்.”

கொண்டையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்தே வெகுநாளாகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, நேர்வரிசைப் பலகையில் ‘நரி துரத்தி’யை ஆடிப் பார்த்தான். ஓரத்துக்கு வந்த நரி திரும்பி ஓடலாம் என்று ஒரே ஒரு விதியை மாற்றினான். அவ்வளவுதான், ஆட்டம் முன்னைவிட விறுவிறுப்பாக ஓடியது!

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வாகை அசையாமல் நின்றது. ஆட்டம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் எறும்புமுட்டை கொண்டுவந்து கொடுத்ததில் பொந்து நிறைந்திருந்தது. காடு முழுக்கப் பொந்துக்குள் உட்கார்ந்து ‘நரி துரத்தி’ ஆடிச் சிரிக்கிற சத்தம் கொண்டையன் காதில் விழுந்தது. என்னை எவன் மதிப்பான் என்று கேட்டவனாயிற்றே! அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டு, குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொண்டான்.

தனக்கு எது நன்றாக வருமோ அதைப் பிடித்துக்கொண்டு, வீம்புக்குச் சுமப்பதை இறக்கி வைக்கிறவன் குடும்பம் எந்த மழையிலும் நனையாது.