குத்தாலிங்கம் கட்டிய விறகு

மலைமேல் இருக்கிற அம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் நடுக்காட்டில் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். தங்குமிடம் என்றதும் மண்டபம், குழாய், கரண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஓடைக்கரையில் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு திட்டு. நடுவில் கரி பிடித்த அடுப்புக்கல். பக்கத்தில் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பாறை. அவ்வளவுதான். மழை வந்தால் பாறைக்கடியில் ஒண்டிக்கொள்ள வேண்டியது. ஆனை வந்தால் அம்மனைக் கூப்பிட வேண்டியது.

அந்த இடத்துக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் பாறைக்கடியில் இருக்கிற விறகுக் கட்டைப் பிரித்து எரித்துக்கொள்ளலாம். யார் வைத்தது என்று கேட்க வேண்டாம். காலையில் கிளம்பும்முன் இன்னொரு கட்டு பொறுக்கி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். யாருக்கு என்றும் கேட்க வேண்டாம். எழுதிப் போட்ட போர்டு கிடையாது, நின்று பார்க்க ஆள் கிடையாது. ஆனாலும் எச்சில் கையால் காக்கா ஓட்டாத கஞ்சன்கூட அங்கே விறகு வைக்காமல் நகர்ந்ததில்லை.

கோயிலுக்குப் போன குத்தாலிங்கமும் ஒருநாள் காலையில் அப்படித்தான் வைத்தான். வைத்துவிட்டு ஓடையில் இறங்கினான். மேலே எங்கோ பெய்த மழை அந்த நேரம் பார்த்து ஓடையில் வந்தது. அவன் அக்கரை ஏறவில்லை.

தேடிப் போன கூட்டத்தோடு அவன் அப்பா ஆவுடைநாயகமும் போனார். பஸ் கண்டக்டர். ஒரு பஸ் நிறைய ஆட்களை அதட்டி உள்ளே தள்ளுகிற மனிதர். பாறைக்கடியில் இருந்த கட்டைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விறகைக் கட்டியிருந்தது நீலக் கட்டம் போட்ட கைலியின் கிழிசல். தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்த கைலி.

மகன் வீட்டை விட்டுக் கிளம்பிய விடியலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி டூட்டி பார்த்த அலுப்பு. "அப்பா அசந்து தூங்குதாரு, எழுப்பாதம்மா" என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அந்த நல்ல எண்ணம்தான் பிறகு அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

சொல்லாமல் போனவன் அப்பாவுக்கென்று விட்டுப்போனது இந்தக் கட்டு ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு பாறையின் மேல்பக்கம் ஏறினார். அங்கே ஒரு பொந்தில் வைத்தார். யூரியாச் சாக்கால் பொதிந்து, பொந்தின் வாயில் கல் அடுக்கி மறைத்தார். வழக்கத்தை மீறிவிடவும் அவருக்கு மனசில்லை. கீழே அதே இடத்தில் வேறொரு கட்டு, அதைவிடப் பெரிதாகவே பொறுக்கி வைத்தார். கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அவன் தாய் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். ஆவுடைநாயகம் வீட்டைப் பூட்டினார், சாவியைத் தம்பி கையில் கொடுத்தார், மலை ஏறிவிட்டார்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு குகையில் உமையம்மை என்று ஒரு சாமியாரம்மா இருந்தாள். வயது அவருக்குப் பாதி இருந்தால் அதிகம். "மக வயசுப் பிள்ளை கால்ல போயி விழுதாரே" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

"எனக்கு உபதேசம் வேணும் தாயி" என்றார் ஆவுடைநாயகம்.

"எனக்கு விறகு பொறுக்க ஆள் வேணும் அண்ணாச்சி" என்றாள் உமையம்மை.

அப்படித்தான் சீடரானார்.

அவருக்கு இருந்தது ஒரே கேள்வி. அதைக் கேட்கிறபோதெல்லாம் அவள் ஏதாவது ஒரு வேலை சொல்வாள்.

"தாயி, எம்பிள்ளை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டான். அதை நான் எப்படித் தாங்க?"

"பானை காலியாக் கெடக்கு. தண்ணி கொண்டாங்க."

கொண்டுவருவார். மறுபடி கேட்பார். மறுபடி ஒரு வேலை வரும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் அந்தக் கட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

"அது இருக்க வரைக்கும் அவன் எங்கூடப் பேசிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு தாயி."

"என்ன பேசுதான்?"

ஆவுடைநாயகம் பானையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டார்.

ஊருக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் இருவரும் அந்தத் திட்டில் தங்குவார்கள். அவள் கஞ்சி வைப்பாள். அவர் பாறைமேல் ஏறி, கல்லை நகர்த்தி, சாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். ஒருதரம்கூடப் பிரித்ததில்லை. பிரித்தால் அவன் போட்ட முடிச்சு போய்விடும். போன முடிச்சை யார் வந்து போடுவது?

உமையம்மை அதைப் பார்ப்பாள். கஞ்சி ஆறுகிறது என்று மட்டும் சொல்வாள்.

சில வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு பெய்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த இருவரும் பொழுது சாய்கிற நேரத்துக்குத் தொப்பலாக நனைந்து திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பாறைக்கடியில் யாரோ கட்டு வைத்துத்தான் போயிருந்தார்கள். பாவம், அவர்கள் மேல் குற்றமில்லை. காற்று சாரலைத் திருப்பி உள்ளே அடித்ததில் விறகு ஊறிப்போய்க் கிடந்தது. பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது.

அவர்கள் உட்காருமுன்னே ஓடைப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பூலுடையார் என்று பெயர், மலைக்குப் போகிற பக்தர். பெண்டாட்டி முப்பிடாதியைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தார். ஓடையில் கால் வழுக்கி விழுந்து, வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் கிடந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் அடித்துக்கொள்கிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"கொஞ்சம் தீ போட்டா பொழைச்சிருவா" என்றார் பூலுடையார். "விறகு இருக்கா தாயி?"

"அண்ணாச்சிட்டக் கேளுங்க" என்றாள் உமையம்மை.

பூலுடையார் அவர் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, காஞ்ச விறகு எங்கயாவது இருக்கா?"

"இல்ல" என்றார் ஆவுடைநாயகம்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொன்னபிறகு உமையம்மையின் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் மூட்டையில் நனையாமல் இருந்த ஒரே கம்பளியை முப்பிடாதிக்குச் சுற்றிவிட்டு, அவள் உள்ளங்காலைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பூலுடையார் மழைக்குள் இறங்கி ஓடினார். கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒடித்துக் கொண்டுவந்தார். எல்லாம் ஈரம். ஒன்றும் பற்றவில்லை. தீப்பெட்டியில் குச்சிதான் தீர்ந்துகொண்டு வந்தது. மனுஷர் அழ ஆரம்பித்துவிட்டார். பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாதென்று முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

ஆவுடைநாயகம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது போய்விட்டால் அப்புறம் எனக்கென்று என்ன இருக்கிறது என்று ஒரு மனசு கேட்டது. முப்பிடாதியின் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. குறைந்ததும்தான் அவருக்குப் பயம் வந்தது. ஓடையில் போனவனும் கடைசியில் இப்படித்தானே சத்தம் குறைந்து போயிருப்பான் என்று நினைத்தார்.

எழுந்தார். வழுக்குப் பாறையில் கையும் காலுமாக ஏறினார். கல்லைப் புரட்டித் தள்ளினார். சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். பாறைக்கடியில் வந்து உட்கார்ந்து சாக்கைப் பிரித்தார். நீலக் கட்டத்தில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"எய்யா குத்தாலம், மன்னிச்சிரு" என்று சொல்லிக்கொண்டே முடிச்சில் கை வைத்தார். இறுக்கமான முடிச்சு. நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்து இழுத்தார். அவிழ்ந்தது.

கட்டு கையில் நிற்கவில்லை. பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே பட்டை மட்டும்தான் விறகாக இருந்தது. உள்ளே முழுக்கக் கரையான் புற்று. சாக்குக்குள் கிடந்து கிடந்து, அவன் பொறுக்கிய ஒவ்வொரு கொம்பும் மண்ணாகியிருந்தது. ஆவுடைநாயகம் ஒவ்வொன்றாக எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடிக்கவே வேண்டியிருக்கவில்லை, விரல் பட்டதும் நொறுங்கியது. ஒரு சுள்ளி, ஒரே ஒரு சுள்ளி நல்லதாக இருக்காதா என்று அந்த மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"விடுங்க அண்ணாச்சி" என்றாள் உமையம்மை. "இங்க வந்து இந்தப் பிள்ளை கையத் தேய்ங்க."

அவர் வந்தார். உமையம்மை முப்பிடாதியைக் கம்பளியோடு மடியில் போட்டுக் கட்டிக்கொண்டாள். பூலுடையார் ஒரு பக்கம் நெருக்கி உட்கார்ந்தார். ஆவுடைநாயகம் மறுபக்கம் உட்கார்ந்து அந்தக் கைகளைச் சூடு பறக்கத் தேய்த்தார். மகள் இல்லாத மனிதர். யார் பெற்ற பிள்ளையோ, விடியும்வரை விடாமல் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே அழுதார். மழை விட்டபோது முப்பிடாதி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அதைக் கேட்டதும் பூலுடையார் உமையம்மையைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் ஆவுடைநாயகத்தைக் காட்டினாள். அவர் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ளவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

காலை வெயில் வந்தது. முப்பிடாதி எழுந்து உட்கார்ந்தாள். மலைக்குப் போக வேண்டாம், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள். துணிகளைப் பிழிந்து மூட்டை கட்டியபிறகு பூலுடையாரைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காட்டுக்குள்ளிருந்து ஒரு சுமை விறகோடு வந்தார்.

ஆவுடைநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். பூலுடையார் பாறைக்கடியில் மண்டியிட்டு, நீளம் குட்டை பார்த்து அடுக்கினார். கட்டுவதற்குக் கொடி தேடினார். கிடைக்கவில்லை. தோளில் கிடந்த துண்டின் கரையைக் கிழித்தார்.

"எல்லாம் ஈர விறகுல்லா" என்றார் ஆவுடைநாயகம்.

"கெடந்து காயட்டும் அண்ணாச்சி."

"நேத்து உங்களுக்கு ஒரு சுள்ளிகூடக் கெடைக்கலியே."

"அதுக்கு? நாளைக்கு வாரவன் என்ன பாவம் செஞ்சான்?"

சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கினார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து பெண்டாட்டியைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போனார். அந்தக் கட்டை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆவுடைநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூலுடையாரும் முப்பிடாதியும் மரங்களுக்குள் மறைந்து வெகுநேரமாகியும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் முன்னால் குவிந்து கிடந்த கரையான் மண்ணைப் பார்த்தார். அதில் ஒரு கைப்பிடி அள்ளினார். விரல் சந்தில் வழிந்தது.

"தாயி" என்றார். "எனக்குன்னு அவன் வெச்சிட்டுப் போனது இது ஒண்ணுதான். இதுவும் மண்ணாப் போச்சே."

உமையம்மை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அதைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. முதல்முறையாக அவருக்கு ஒரு வேலையும் சொல்லவில்லை.

"அவன் அதை உங்களுக்காகவா வெச்சான், அண்ணாச்சி?" என்று கேட்டாள்.