விடை கொடுத்த வைரவன்

பூவத்தூர் என்றொரு சமஸ்தானம். இந்த எல்லையில் தும்மினால் அந்த எல்லையில் "நூறு ஆயுசு" என்பார்கள், அவ்வளவு பெரிய ராஜ்யம்! அதை ஆண்ட வீரகேசரி மகாராஜாவுக்கு மாதம் ஒரு பைத்தியம் பிடிக்கும். போன மாதம் பட்டம் விட்டார். இந்த மாதம் யாரோ ஒரு வழிப்போக்கன் வந்தான். "எங்கள் தேசத்தில் படித்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, மணியடித்துப் பரீட்சை எழுதச் சொல்வார்கள்" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

"நம் சபையில் இருக்கிற அத்தனை பேரும் பரீட்சை எழுத வேண்டும்!" என்றார் ராஜா. "ஏகாம்பரப் பண்டிதரே, கேள்வியும் உம்முடையது, விதியும் உம்முடையது."

பண்டிதருக்கு வாயெல்லாம் பல். அவருக்கு வைரவனைக் கண்டாலே ஆகாது. சபையில் வேடிக்கை பேசி ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் வைரவன் வேலை. போன வாரம் பண்டிதர் ஒரு செய்யுளுக்கு ஐந்து நாழிகை பொருள் சொன்னார். "சாமி, செய்யுள் செத்து இரண்டு நாழிகை ஆச்சு, கீழே இறக்கிடுங்க" என்றுவிட்டான் வைரவன். அந்தக் கோபம்.

ராவோடு ராவாகப் பண்டிதர் நாற்பத்தெட்டு விதி எழுதிப் பரீட்சைக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டார். மணியடித்த பிறகு வரக் கூடாது. வந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது. மூன்றாம் விதி, பேசக் கூடாது. ஏழாம் விதி, பார்த்து எழுதக் கூடாது. பன்னிரண்டாம் விதி, கூடத்துக்குள் ஒருவருக்கு ஒருவர் விடை கொடுக்கக் கூடாது. நாற்பத்தேழு, எல்லா வினாக்களுக்கும் விடை கொடுத்தாக வேண்டும்.

நாற்பத்தெட்டுதான் வினை. "விடை தெரியாமல் விழிப்பவர் யாராக இருந்தாலும் பதவி இழந்து, ஆயுள் முழுதும் கோமளத்தைக் குளிப்பாட்ட வேண்டும்."

ராஜா பாசத்தில் வைரவனை விட்டுவிடக் கூடாதே என்றுதான் அந்த "யாராக இருந்தாலும்".

கோமளம் பட்டத்து யானை. குளிப்பாட்டுகிறவன் வேட்டியை உருவித் தன் தலையில் போட்டுக்கொள்ளும். கடைசியாகக் குளிப்பாட்டியவன் காசிக்குப் போகிறேன் என்று கிளம்பினான், கோவணத்தோடு.

பரீட்சை நாள் வந்தது. மணி அடித்தது. மற்றவர்களுக்கு வந்த கேள்வி, "பூவத்தூரின் தலைநகர் எது?" என்பது மாதிரி. வைரவன் தன் ஓலையைப் பிரித்தான். மூன்று கேள்வி இருந்தது.

நேற்று அரண்மனைக் குளத்தில் கத்திய தவளைகளில் எத்தனை தவளை சும்மா கத்தியது?

மிளகாயைக் கடித்த எறும்பு முதலில் யாரைத் திட்டியது?

மகாராஜா நாளை மறுநாள் காணப்போகும் கனவில் வரும் பூனை என்ன நிறம்?

வெளியே கோமளம் ஒருமுறை பிளிறியது. வைரவன் தன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். போச்சு, நம் கதை முடிந்தது என்று அண்ணாந்தவன் கண்ணில் சுவரிலிருந்த விதிகள் பட்டன. ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை நிதானமாகப் படித்தான். அப்புறம் மேல்துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டினான். எழுத்தாணியால் ஓலையில் ஒரே ஒரு வரி கீறினான். கைகூப்பி ஒரு கும்பிடு போட்டான். அவ்வளவுதான்.

"டேய், என்னடா கூத்து இது?" என்று ஓடிவந்தார் பண்டிதர்.

வைரவன் மூன்று விரலைக் காட்டினான். மூன்றாம் விதி, பேசக் கூடாது!

நேரம் முடிந்தது. வைரவன் கண்கட்டை அவிழ்த்தான். மகாராஜா கூடத்துக்கே வந்துவிட்டார். பண்டிதர் வைரவனின் ஓலையை நீட்டினார். எழுத்து நண்டு ஓடின மாதிரி கோணல்மாணலாகக் கிடந்தது. ராஜா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். "வினாக்களே, சுகமாகப் போய் வாருங்கள்."

"என்ன வைரவா இது? எழுத்து ஏன் இப்படி?"

"பார்த்து எழுதக் கூடாதுன்னு ஏழாம் விதி மகாராஜா. பார்க்காமல் எழுதினால் இப்படித்தான் வரும்."

"விடை எங்கேயப்பா?"

"கொடுத்துட்டேனே! மூணு வினாவும் வந்துச்சு. எல்லாத்துக்கும் விடை கொடுத்தாகணும்னு விதி. கும்பிட்டு விடை கொடுத்து அனுப்பிட்டேன். ஒண்ணுகூடத் திரும்பிப் பார்க்கலை."

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார்.

"பித்தலாட்டம்!" என்று குதித்தார் பண்டிதர். "இவனுக்கு விடை தெரியாது. நாற்பத்தெட்டாம் விதிப்படி இவனை யானையிடம் அனுப்புங்கள்!"

"விடை தெரியாமல் விழிக்கிறவருக்குத்தானே சாமி அந்த விதி? நான் எங்கே விழிச்சேன்? கண்ணைத்தான் கட்டியிருந்தேனே."

ராஜா வாய்விட்டே சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். பண்டிதரே, சரியான விடைதான் என்ன? அந்தப் பூனை என்ன நிறம்?" என்று கேட்டார்.

பண்டிதர் ராஜாவைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"மகாராஜா," என்றான் வைரவன் மெதுவாக, "சாமி விழிக்கிறார்."

கூடமே திரும்பிப் பார்த்தது. ஆமாம், திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். சுவரில் அவர் கையெழுத்திலேயே இருந்தது, "யாராக இருந்தாலும்". வெளியே கோமளம் சந்தோஷமாகப் பிளிறியது.

ராஜா தோளிலிருந்த பட்டுச் சால்வையைக் கழற்றி வைரவனுக்குப் போர்த்தினார். பண்டிதர் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"மகாராஜா, வீட்டில் கொஞ்சம் அவசர வேலை. அடியேனுக்கு விடை கொடுங்கள்."

"ஐயையோ, கொடுத்துடாதீங்க மகாராஜா!" என்று பாய்ந்து வந்தான் வைரவன். "கூடத்துக்குள்ளே ஒருத்தருக்கு ஒருத்தர் விடை கொடுக்கக் கூடாது. பன்னிரண்டாம் விதி!"